உதடு அசையும் முன்

டி.வி. தொடரின் மாமியார் மாடிப்படியில் நின்றபடி, பெட்டியோடு கீழே இறங்கும் மருமகளைப் பார்த்து, "போறவங்க திரும்பி வரக் கூடாது" என்று சொல்ல வேண்டிய இடம். வசனம் வந்தது. போன வாரம் ஸ்டுடியோவில் பேசிய அதே கனத்தோடு, ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது. ஆனால் அது காதில் விழுந்தபோது திரையில் உதடுகள் மூடியிருந்தன. ஓர் இமைப்பொழுது கழித்துத்தான் அவை பிரிந்தன.

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அதுதான் பிழைப்பு. அந்தத் தொடர் வேற்று மொழியில் எடுக்கப்பட்டு, தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பாவது. மாமியாராக நடிக்கும் அம்மாளுக்குப் பல வருஷங்களாகக் குரல் கொடுப்பவள் அவள். நடிகையை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த வாயை இவள் அறிந்த அளவுக்கு அந்த அம்மாளின் புருஷன்கூட அறிந்திருக்க மாட்டார் என்று ஸ்டுடியோவில் கேலி செய்வார்கள். உதடு மூடுகிற இடத்தில் ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். வாய் அகலத் திறக்கிற இடத்தில் ஓர் 'ஆ'. பொருள் கெடக் கூடாது, கோபம் குறையக் கூடாது, வாயை விட்டு வார்த்தை ஒரு நூல் விலகவும் கூடாது. இதில் அவளுக்குக் கர்வம் உண்டு. ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை 'மாமியார்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கு அந்தப் பட்டம் பிடித்தும் இருந்தது.

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். கணவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. துறைமுகம் தட்டுப்படும்போது பேசுவான். அவன் தங்கை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கல்யாணம் ஆகி, அது முறிந்து, அண்ணன் வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள். அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் சீரியல்காரன் எப்படிப் பிழைப்பான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். புது எச்.டி. இணைப்பு வாங்கியதும் அவள் பிடிவாதத்தால்தான். அண்ணியின் குரலைத் துல்லியமாகக் கேட்க வேண்டுமாம்.

"என் குரல் முன்னாடி வருது" என்றாள் அவள்.

நாத்தனார் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையை வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மகன் பேசினான். மருமகள் அழுதாள். "சரியாத்தானே இருக்கு அண்ணி."

மகனுக்கும் மருமகளுக்கும் சரியாகத்தான் இருந்தது. மருமகளின் விசும்பலும் தோள் குலுங்குவதும் ஒன்றாகவே வந்தன. மாமியார் பேசும்போது மட்டும் குரல் முந்தியது.

மறுநாள் டிஷ்காரர் வந்தார். வேலை தெரிந்த மனிதர். இது எல்லா வீட்டிலும் இருக்கிற தொல்லைதான் என்று நிதானமாக விளக்கினார். எச்.டி. படம் கனமானது, வானத்திலிருந்து சுருட்டி அனுப்புகிறார்கள், டி.வி. அதை விரித்துத் துடைத்துக் காட்டுவதற்குள் நேரமாகிவிடுகிறது. சத்தம் லேசானது, காத்திருக்காமல் ஓடி வந்துவிடுகிறது. சத்தத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தினால் போதும். ரிமோட்டில் உள்ளே உள்ளேயாகப் போய் ஒரு எண்ணை ஏற்றினார். செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்தார்கள், ஒட்டியது. வேறொரு சேனலில் பாட்டுக்காரர் கை தட்டினார், ஒட்டியது. டிஷ்காரர் திருப்தியோடு கருவிகளைப் பையில் போட்டார்.

அவள் அவரை விடவில்லை. தொடரின் மறு ஒளிபரப்பு வரும்வரை உட்கார வைத்தாள். மாமியார் வாயைத் திறந்தாள். குரல் முந்தியது. முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே முந்தியது.

டிஷ்காரர் எண்ணை மேலும் ஏற்றினார். மற்ற எல்லோரும் பின்தங்கிப்போனார்கள். மகனின் வாய் முதலில் அசைந்தது, சத்தம் பிறகு வந்தது. மாமியாரின் குரல் மட்டும் யாரும் பிடித்து நிறுத்த முடியாதபடி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவர் டி.வி.க்கு அடியிலிருந்த செட்-டாப் பெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சேனல்காரர்கள் அனுப்புவதிலேயே கோளாறு இருக்கும் என்று சொல்லிவிட்டு, டீ வேண்டாம் என்று கிளம்பினார்.

சேனல் கோளாறு இல்லை. ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளரிடம் சொல்லி, சேனலுக்குப் போன அதே பதிவைப் போட்டுப் பார்த்தாள். குரலும் உதடும் தைத்து வைத்தது போலப் பொருந்தியிருந்தன. ஒலிப்பதிவாளர் வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போனாலும் மாமியார் வேலையை விடமாட்டேன் என்கிறாரே, டி.வி.யையே குற்றம் சொன்னால் அது எங்கே போகும் என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் எதிரே பேசிக்கொண்டு போகிறவர்களின் உதடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒவ்வொரு மாலையும் இடைவெளி வளர்ந்தது. உதடு பிரிவதற்குள் அரை வாக்கியம் முடிந்திருந்தது. பிறகு முழு வாக்கியம். மாமியார் அறைக்குள் நுழைவதற்கு முன்பே, காலி அறையில், மேசையும் திரைச்சீலையும் மட்டும் இருக்கும் அறையில் அவள் குரல் பேசி முடித்தது. அப்புறம் அந்த அம்மாள் வந்து நின்று, சத்தமே இல்லாமல் வாயை அசைத்தாள். நாத்தனாருக்கும் இப்போது தெரிந்தது. சேனலை மாற்றிவிடலாம் என்றாள். இவள் ரிமோட்டைத் தரவில்லை. தன் குரல் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்காமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

ஒரு மாலை, விளம்பரத்தின் நடுவில் அது மூச்சை இழுத்தது.

சோப்பு விளம்பரம். குழந்தை ஒன்று நுரையை ஊதிக்கொண்டிருந்தது. மெல்லிய இசைக்கு அடியில், வசனத்துக்கு முன் அவள் எப்போதும் இழுக்கும் மூச்சு. மூக்கில் தொடங்கி, தொண்டையில் லேசாக உரசி, நெஞ்சில் நிற்கும் மூச்சு. ஒலிப்பதிவாளர் அதைத்தான் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் வெட்டி எறிவார். யாரும் கேட்டிருக்க முடியாத மூச்சு. நுரை உடைந்தது. குழந்தை சிரித்தது. மூச்சு நின்ற இடத்தில் அப்படியே நின்றது, பேசுவதற்குத் தயாராக.

நாத்தனார் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அறை இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தில் டி.வி.யின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் ஏறி இறங்கியது.

அவள் சோபாவிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். அடுத்த நொடியே கோபம் வந்தது. யாருடைய மூச்சு அது? எத்தனை வருஷம் வெந்நீர் குடித்து, ஐஸைத் தொடாமல், ஜலதோஷம் பிடித்தால் ஊமையாக இருந்து காப்பாற்றிய தொண்டை அது?

"என்ன வேணும்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

டி.வி. அதே இரண்டு வார்த்தைகளை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தது. அவள் வாய் அதன் பின்னால்தான் அசைந்தது.

எழுந்து போய் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

அன்றிலிருந்து டி.வி. கறுப்பாகவே கிடந்தது. வீடு பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. சமையலறையில் அவள் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நாத்தனார் தன் குடை எங்கே என்று கேட்டாள்.

"பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி" என்று கூடத்திலிருந்து பதில் போனது.

தெளிவாக, அன்பாக, கொஞ்சம் அவசரமாக. அவள் என்ன சொல்லியிருப்பாளோ அதே பதில். அவள் கையில் டீத்தூள் டப்பா இருந்தது. வாய் மூடியிருந்தது. பிறகு, அவள் அனுமதி இல்லாமல், அவள் உதடுகள் திறந்தன. மூடின. 'பாத்ரூம்' என்பதற்கு மூடித் திறந்து, கடைசியில் மறுபடி மூடின. 'பின்னாடி'க்கு இன்னொரு முறை ஒட்டிப் பிரிந்தன. சத்தமில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்.

குடையோடு சமையலறை வாசலில் வந்து நின்ற நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "அண்ணி, நீங்களும் அந்த டி.வி. மாதிரியே ஆயிட்டீங்க" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது. கடைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

கப்பலிலிருந்து கணவன் வீடியோ போனில் முகம் பார்த்துப் பேசினான். உன் சத்தம் முதலில் வருகிறது, முகம் அப்புறம் அசைகிறது, இந்த நெட்வொர்க்கை என்ன சொல்வது என்று அலுத்துக்கொண்டான். அவள் ஆமாம் என்றாள். அந்த ஆமாமும் அவளுக்கு முன்னால் போயிருந்தது.

வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயந்து வீட்டில் உட்காருவது அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு காலத்தில், இந்தக் குரல் நாயகிக்கு ஒத்துவராது என்று ஒரு தயாரிப்பாளர் முகத்துக்கு நேராகச் சொன்னபோது, எந்தப் பாத்திரத்துக்கு ஒத்துவரும் என்று கேட்டு, அங்கேயே நின்று மாமியார் வேஷத்தைப் பேசிக் காட்டி வாங்கியவள். ஸ்டுடியோவுக்குப் போனாள்.

பஞ்சு ஒட்டிய சுவர்கள். பழைய கம்பள வாசனை. ஏ.சி.யின் குளிர். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கட்டை விரலை உயர்த்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் மாமியார் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். இவள் மைக்கின் முன் நின்று, முதல் உதட்டசைவுக்காகக் காத்திருந்தாள்.

காத்திருந்தபோதே காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் வசனம் ஓடத் தொடங்கியது.

அவள் குரல். இன்றைய வசனம், இன்னும் பேசாத வசனம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பல்லைக் கடிக்க வேண்டும் என்று அவள் மனதில் போட்டு வைத்திருந்தபடியே. அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றாள். குரல் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் முதலில் கணினியைப் பார்த்தார். பிறகு அவள் வாயைப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, சூடான பாத்திரத்தை வைப்பது போல மேசைமேல் வைத்தார்.

உள்ளே வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். வாயில் ஏலக்காய் இல்லை.

"மாமியார், நீங்க பேசல" என்றார் மெதுவாக. "நான் பாத்துட்டே இருந்தேன். நீங்க பேசவே இல்ல."

பதிவை அழித்துவிட்டதாகவும், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லியும், அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அடுத்த வாரத்து வசனத்தாள்களை அவள் கேட்கவில்லை. அவரும் தரவில்லை. தெருவில் நடக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். என் வேலையையும் பிடுங்கிவிட்டாயா, இரு, ஒரு கை பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொன்னாள். மனதுக்குள் சொல்வது மட்டும்தான் அவளுக்கு முன்னால் போகவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அது நாத்தனாரைத் தொட்டது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் கடையில் வந்த ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தாராம். இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் இருட்டிலிருந்து, பிடுங்கிப் போட்ட பிளக்கும் கறுப்புத் திரையும் இருக்கும் பக்கத்திலிருந்து, மாமியார் குரல் சொன்னது:

"நீ எப்பம்மா இந்த வீட்டை விட்டுப் போகப் போற?"

தொடரின் கதாபாத்திரம் மருமகளிடம் பேசும் அதே தொனி. இனிப்பில் நனைத்தது. நாத்தனாரின் கை தட்டில் நின்றது. அவள் இவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து இவள் உதடுகள் இழுபட்டன. யாரோ உள்ளிருந்து நூல் பிடித்து இழுப்பது போல, 'எப்பம்மா' என்று விரிந்து, ஒட்டி, பிரிந்தன. 'போகப் போற' என்று குவிந்தன. தடுக்கத் தடுக்க. நாத்தனார் கண்ணெதிரே.

நாத்தனார் எழுந்தாள். அவள் முகம், அன்று ஒற்றைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்ற முகமாகிவிட்டது.

வாயைத் திறந்து விளக்கினால் அதற்கும் முன்னால் அது எதைப் பேசுமோ. அவள் மேசையைச் சுற்றி ஓடி நாத்தனாரின் இரு கைகளையும் பிடித்தாள். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். அவள் விரல்களை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து அழுத்தினாள். பிறகு மேசைமேலிருந்த மரக்கரண்டியை எடுத்து, காம்பைக் குறுக்காகப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, கூடத்தைப் பார்த்து நின்றாள். பேசு பார்க்கலாம்.

குழாய் சொட்டியது. எதிர்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"தள்ளி நில்லு" என்றது குரல். நாத்தனாரின் விரல்கள் அவள் தொண்டைமேலேயே இருந்தன. அங்கே ஒரு துடிப்பும் இல்லை. "அவகிட்ட நான் ஏசணும்."

நாத்தனார் திடுக்கிட்டுப் பார்த்தாள். இவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பேசணும் என்று சொல்ல வந்திருக்கிறது. கரண்டி குறுக்கே நிற்பதால் இவள் உதடுகள் ஒட்டவில்லை. இவள் உதடு ஒட்டாமல் அதற்குப் 'ப' வரவில்லை. வாயை விட்டு எவ்வளவு தூரம் முன்னால் ஓடினாலும், பின்னால் வருகிற வாயை நம்பித்தான் அது ஓடுகிறது.

அவள் கரண்டியைக் கடித்தபடியே சிரித்தாள். எச்சில் வழிய, கண்ணில் நீர் வர, அசிங்கமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் வாயிலிருந்துதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும் நடுங்கிக்கொண்டே அவள் தோளில் முகம் புதைத்தாள்.

"நான் எங்கயும் போகல அண்ணி" என்றாள். "அதைப் போகச் சொல்லுவோம்."

காலையில் நாத்தனார் லீவு போடுகிறேன் என்றாள். இவள் கையை வீசி அனுப்பிவைத்தாள். சாயங்காலத்துக்குள் இதை முடிக்க வேண்டும், அவள் இல்லாத நேரத்திலேயே முடிக்க வேண்டும். நாத்தனார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றாள். பிறகு கரண்டியைக் கடித்து, துண்டால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். தாடை வலித்தது. வலிக்கட்டும்.

குரல் நாள் முழுக்க அவள் பின்னாலேயே அலைந்தது. அவள் அறையில் இருந்தால் கூடத்தில் பேசியது. கூடத்துக்கு வந்தால் குளியலறை ஓடுகளில் எதிரொலித்தது. கெஞ்சியது. மிரட்டியது. கணவனைக் கூப்பிடும் செல்லக் குரலில், இருட்டில் மட்டும் பேசும் குரலில் கூப்பிட்டது. எழுத்துகள் உதிர்ந்து உதிர்ந்து விழுந்தன. 'அம்மா' என்று அழப் பார்த்தது, வெறும் 'அ... ஆ...' என்று ஊளையானது. அவள் உதடுகள் கரண்டியைச் சுற்றித் துடித்தன. ஓரம் கிழிந்து ரத்தம் கசிந்தது. உப்புக் கரித்தது. அவள் நாற்காலியை டி.வி.க்கு எதிரே போட்டு, அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குமேல் செட்-டாப் பெட்டியைக் கழற்றினாள். வயரைச் சுவரோடு பிய்த்தாள். அது வீட்டுக்குள் வந்த வழியையே அடைக்க, ஸ்பானரைத் தேடி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

மொட்டைமாடியில் மழை வலுத்திருந்தது. டிஷ் வானத்தைப் பார்த்து நின்றது, நீர் அதன் குழியில் வழிந்து ஓட. திருகுகள் துருப்பிடித்திருந்தன. உள்ளங்கை உரிந்தது. ஒன்று கழன்றது. இன்னொன்று. கீழே வீட்டுக்குள்ளிருந்து குரல் கத்திக்கொண்டே இருந்தது. மாடிப்படி வழியாக, தண்ணீர்க் குழாய் வழியாக, அவள் காலடித் தரை வழியாக. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசித் திருகு. டிஷ் சாய்ந்தது. இரண்டு கையாலும் தூக்கித் தரையில் அறைந்தாள். ஏறி மிதித்தாள். தகடு நெளிந்தது. மறுபடி மிதித்தாள்.

கத்தல் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். அவள் சொட்டச் சொட்ட நின்று கேட்டாள். தெருவில் ஒரு வண்டி போயிற்று. அதன் சத்தமும் அதுவும் ஒன்றாகவே போயின.

கீழே வந்து எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டாள். சமையலறையில், குளியலறையில், கூடத்தில் நின்று நின்று கேட்டாள். ஒன்றுமில்லை. துண்டை அவிழ்த்தாள். கரண்டியை எடுத்தபோது அதில் பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். தானாக எதுவும் இழுக்கவில்லை. பேசிப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் முதல் வார்த்தையைக் காலி வீட்டில் வீணாக்க மனமில்லை. நாத்தனார் வரட்டும். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்காகவே உடம்பைத் துவட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசலுக்கு எழுந்து போனாள்.

"அண்ணி, வந்துட்டேன்" என்றது நாத்தனாரின் குரல்.

அவளுக்குப் பின்னாலிருந்து. கூடத்திலிருந்து.

படி இன்னும் காலியாக இருந்தது. செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. குடை முதலில் தெரிந்தது. அப்புறம் நனைந்த தோள். அப்புறம் முகம். நாத்தனார் கடைசிப் படியில் நின்றாள். வாய் மூடியிருந்தது. கண்கள் அகல விரிந்து, இவளைத் தாண்டி, விளக்கெரியும் கூடத்தைப் பார்த்தன.

"வாம்மா" என்றது இவள் குரல், அதே கூடத்திலிருந்து. "ரொம்ப நனைஞ்சுட்டியா?"

"மழை பிடிச்சுக்கிச்சு அண்ணி."

"உள்ள வா. தலையைத் துவட்டி விடறேன்."

சிரிப்பு. இரண்டு பேரின் சிரிப்பு. நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லை; பேச்சு மட்டும். எழுத்து ஒன்றுகூட உதிரவில்லை. இனிமேல் எங்கும் போகக் கூடாது என்றது ஒன்று. போகமாட்டேன் அண்ணி, இங்கேயே இருக்கிறேன் என்றது மற்றொன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாத்தனார் கையிலிருந்து குடை நழுவிப் படிகளில் உருண்டது.

கரண்டி உள்ளே இருந்தது. மேசைமேல். அந்தக் குரல்களுக்கு நடுவில்.

அவள் முன்னால் பாய்ந்து நாத்தனாரைச் சுவரோடு அணைத்துக்கொண்டாள். வலது கையால் அவள் வாயைப் பொத்தினாள். நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வாய்மேல் வைத்தாள். நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது, ஈரமான குளிர்ந்த விரல்கள் அவள் கன்னத்தில் அழுந்தின. மழை படியில் அடித்தது. இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். விடமாட்டேன் என்று இவள் கண்ணால் சொன்னாள்.

உள்ளே அவர்கள் இருவரும் கொஞ்சலாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளங்கைக்கு அடியில், நாத்தனாரின் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின.

அவள் கையை இன்னும் அழுத்தினாள்.